சொத்து வரியை நிர்ணயிப்பது மாநகராட்சியா, மாநில அரசா?

சொத்து வரி உயரும்போதெல்லாம் தமிழ்நாட்டில் ஒரே காட்சிதான். வார்டு கவுன்சிலரைக் கேட்டால், "அரசாணை வந்துவிட்டது, எங்கள் கையில் என்ன இருக்கிறது?" என்பார். அமைச்சர் தரப்பைக் கேட்டால், "மத்திய நிதிக்குழுவின் நிபந்தனை" என்பார்கள். டெல்லியைக் கேட்டால், "சொத்து வரி மாநில விவகாரம்" என்று பதில் வரும். மூன்று பேர் சொல்வதிலும் கொஞ்சம் உண்மை இருப்பதுதான் குழப்பத்துக்குக் காரணம். ரசீதில் மட்டும் மாநகராட்சி முத்திரை. அதனால் திட்டு விழுவதும் மாநகராட்சிக்குத்தான்.

2022 ஏப்ரலில் தமிழகம் முழுக்க நகர்ப்புறச் சொத்து வரி 25 சதவீதம் முதல் 150 சதவீதம் வரை உயர்ந்தது. 2024 செப்டம்பரில் சென்னை மாமன்றம் இன்னொரு 6 சதவீத உயர்வுக்குத் தீர்மானம் போட்டது. இந்த எண்களை யார் எழுதினார்கள், எந்த அதிகாரத்தில் எழுதினார்கள் என்று அடியிலிருந்து பார்ப்போம்.

வரியை எப்படிக் கணக்கிடுகிறார்கள்?

பேச்சு வழக்கில் வீட்டு வரி. ஆவணத்தில் சொத்து வரி. கட்டடத்துக்கும் அதன் அடியில் உள்ள நிலத்துக்கும் உள்ளாட்சி விதிப்பது இது. கட்டடம் இல்லாத இடத்துக்குக் காலிமனை வரி என்று தனியாக உண்டு.

தமிழக நகரங்களில் வரியின் அடித்தளம் "ஆண்டு மதிப்பு". உங்கள் வீட்டை வாடகைக்கு விட்டால் ஓர் ஆண்டில் நியாயமாக எவ்வளவு கிடைக்கும் என்ற மதிப்பீடு அது. வீட்டின் விலையோ, பத்திரப்பதிவுக்கான வழிகாட்டி மதிப்போ நேரடியாக இதில் வருவதில்லை. கணக்கு ஏறத்தாழ இப்படிப் போகும்:

1. தெருக்கள் வகை பிரிக்கப்படும். ஒவ்வொரு வகைக்கும் சதுர அடிக்கு மாதம் இவ்வளவு என்று ஓர் அடிப்படை மதிப்பு இருக்கும்.

2. அதை வீட்டின் பரப்பால் பெருக்கி மாத வாடகை மதிப்பும், அதிலிருந்து ஆண்டு மதிப்பும் கண்டுபிடிப்பார்கள். கட்டடத்தின் வயதுக்கும், உரிமையாளரே குடியிருந்தால் அதற்கும் கழிவு உண்டு.

3. ஆண்டு மதிப்பில் குறிப்பிட்ட சதவீதம் அரையாண்டு வரி. அரையாண்டுகள் ஏப்ரல் 1, அக்டோபர் 1 தேதிகளில் தொடங்கும்.

"நியாயமான வாடகை" என்ற சொல்லைப் பார்த்து ஏமாந்துவிட வேண்டாம். 2022 சீராய்வுக்கு முன் சென்னையில் குடியிருப்புகளுக்கான அடிப்படை மதிப்பு சதுர அடிக்கு 60 காசு முதல் 2.40 ரூபாய் வரைதான். சதுர அடிக்கு ஒன்றரை ரூபாய் என்ற வகையில் வரும் ஒரு தெருவில் 800 சதுர அடி வீடு இருப்பதாக வைத்துக்கொள்வோம். கணக்கில் அதன் மாத வாடகை 1,200 ரூபாய். அந்தத் தொகைக்குச் சென்னையில் இன்று ஒரு மேன்ஷன் அறைகூடக் கிடைக்காது. சட்டத்தில் இருக்கும் வாடகைக்கும் சந்தையில் இருக்கும் வாடகைக்கும் நடுவே இப்படி ஒரு பள்ளம் விழுந்தது எப்படி என்பதற்குப் பின்னால் வருகிறோம். அந்தப் பள்ளத்தை வெட்டியதில் மாநில அரசுகளுக்குப் பெரிய பங்கு உண்டு.

அதிகாரம் எங்கிருந்து வருகிறது?

அரசியலமைப்பின் ஏழாவது அட்டவணையில், மாநிலப் பட்டியலின் 49-வது இனம் "நிலங்கள், கட்டடங்கள் மீதான வரி". அதாவது, இந்த வரியின் மூலச் சொந்தக்காரர் மாநிலச் சட்டமன்றம். உள்ளாட்சிகளுக்கென்று தனி வரிப் பட்டியல் எதுவும் அரசியலமைப்பில் கிடையாது.

1993-ல் நடைமுறைக்கு வந்த 74-வது திருத்தம் நகராட்சிகளுக்கு அரசியலமைப்பில் இடம் கொடுத்தது. ஐந்தாண்டுக்கு ஒருமுறை தேர்தல், இட ஒதுக்கீடு, மாநில நிதி ஆணையம் எல்லாம் அதில்தான் வந்தன. ஆனால் வரி விஷயத்தில் அது கொஞ்சம் கஞ்சத்தனமாகவே நடந்துகொண்டது. மாநிலச் சட்டமன்றம் சட்டம் இயற்றி, எந்த வரியை, எந்த நடைமுறையில், எந்த வரம்புக்குள் வசூலிக்கலாம் என்று நகராட்சிக்கு அதிகாரம் "அளிக்கலாம்" என்கிறது 243எக்ஸ் பிரிவு. அளிக்க வேண்டும் என்று சொல்லவில்லை. மாநிலத்தின் கையில் இருக்கும் எல்லாப் பிடியும் இந்த ஒரு வினைச்சொல்லில் தொடங்குகிறது.

தமிழ்நாட்டில் அந்தச் சட்டம் எது? நெடுங்காலம் சென்னைக்கு 1919-ம் ஆண்டுச் சட்டம், நகராட்சிகளுக்கு 1920-ம் ஆண்டுச் சட்டம், மதுரைக்கும் கோவைக்கும் தனித்தனிச் சட்டங்கள் என்று ஓடியது. எல்லாவற்றையும் ஒன்றாக்க 1998-ல் தமிழ்நாடு நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டம் நிறைவேறியது. 2000-ல் அதை நிறுத்திவைத்தார்கள். தூசு தட்டி, திருத்தி, விதிகளோடு சேர்த்து முழுமையாக நடைமுறைக்குக் கொண்டுவந்தது 2023 ஏப்ரலில். கால் நூற்றாண்டு அலமாரியில் தூங்கிய சட்டம் அது. 1688-ல் தொடங்கிய சென்னை மாநகராட்சிகூட தன் முக்கிய வரியை எப்படி விதிப்பது என்பதை இந்த மாநிலச் சட்டத்தைத்தான் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும்.

மாநில அரசின் கையில் உள்ள பிடிகள்

நடைமுறையில் மாநில அரசு சொத்து வரியைப் பல இடங்களில் பிடித்து வைத்திருக்கிறது.

1. கணக்கிடும் முறை. வாடகை மதிப்பா, சொத்தின் மூலதன மதிப்பா (அதாவது சொத்தின் விலையா), வெறும் பரப்பளவா என்பதை மாநிலச் சட்டம் முடிவு செய்கிறது. ஆந்திரப் பிரதேசம் 2020-ல் சட்டத்தைத் திருத்தி வாடகை மதிப்பு முறையிலிருந்து மூலதன மதிப்பு முறைக்கு மாறியது. அங்கே எந்த நகராட்சியும் தனியாக உட்கார்ந்து எடுத்த முடிவில்லை அது.

2. கீழ் வரம்பும் மேல் வரம்பும். இந்த அளவுக்குக் கீழே போகக்கூடாது, இதற்கு மேலே போகக்கூடாது என்று அரசு சொல்லும். மாமன்றம் நடுவில் உள்ள இடத்தில் நடமாடலாம்.

3. சீராய்வுக்கான நேரம். எல்லாவற்றிலும் வலுவான பிடி இதுதான். சட்டப்படி ஐந்தாண்டுக்கு ஒருமுறை பொது சீராய்வு என்பது நடைமுறையாக இருந்தாலும், அரசாணை வராமல் எந்த நகராட்சியும் தொடங்காது. அரசாணையின் மொழியில் உயர்வுக்குப் பெயர் "சீராய்வு". சீராய்வு என்றால் கூடவும் செய்யலாம், குறையவும் செய்யலாம் என்றுதான் அர்த்தம். சொத்து வரியில் அது பெரும்பாலும் ஒரே திசையில்தான் போகிறது.

4. விலக்குகள். வழிபாட்டுத் தலங்கள், சில வகைக் கல்வி நிறுவனங்கள், தர்ம ஸ்தாபனங்கள் என்று யாருக்கு விலக்கு என்பதும் மாநிலச் சட்டத்தில் இருக்கிறது. விலக்கு தருபவர் ஒருவர், வருமானத்தை இழப்பவர் இன்னொருவர். மத்திய அரசின் சொத்துகளுக்கு அரசியலமைப்பின் 285-வது பிரிவே விலக்கு தந்துவிட்டது. ரயில்வே, அஞ்சல் அலுவலகக் கட்டடங்களிடம் நகராட்சி வரி கேட்க முடியாது, சேவைக் கட்டணம்தான் கேட்கலாம்.

5. மேல்வரிகள். ஒரு ரூபாய் சொத்து வரிக்கு 10 காசு நூலக வரி. 1948-ம் ஆண்டு பொது நூலகச் சட்டத்தின் வழியில் வந்தது இது. மாநகராட்சி வசூலித்து நூலக ஆணைக்குழுவிடம் கொடுக்க வேண்டும். சென்னையில் குடிநீர் வாரியமும் இதே ஆண்டு மதிப்பில் 7 சதவீதத்தைக் குடிநீர், கழிவுநீர் வரியாக வாங்குகிறது. வாரியம் தனி, ரசீது தனி, ஆனால் அடிப்படை ஒன்று. ஆண்டு மதிப்பை உயர்த்தினால் மெட்ரோ வாட்டர் பில்லும் அதன் பின்னாலேயே ஏறும். சொத்து வரி உயர்வைப் பற்றிய விவாதங்களில் இந்த இரண்டாவது உயர்வு பெரும்பாலும் பேசப்படுவதே இல்லை.

6. நிதிப் பகிர்வு. மாநில நிதி ஆணையங்களின் பரிந்துரைப்படி, தமிழக அரசு தன் சொந்த வரி வருவாயில் 10 சதவீதத்தை உள்ளாட்சிகளுக்குப் பகிர்கிறது. பத்திரப்பதிவில் முத்திரைத் தீர்வையோடு சேர்த்து வாங்கும் 2 சதவீத மேல்வரியும் உள்ளாட்சிகளுக்கானது. மேலிருந்து பணம் வரும்வரை, சொந்த மக்களிடம் வரி கேட்டு வாக்கை இழக்க எந்த மேயருக்கும் ஆசை வராது.

கடைசிப் பிடியைப் புரிந்துகொள்ள, நகராட்சியின் பையில் வேறு என்ன இருக்கிறது என்றும் பார்க்க வேண்டும். தொழில் வரிக்கு அரசியலமைப்பே ஆண்டுக்கு 2,500 ரூபாய் என்று உச்சவரம்பு போட்டிருக்கிறது. 1988-ல் போட்ட வரம்பு, இன்றும் அதேதான். 2017-ல் ஜிஎஸ்டி வந்தபோது விளம்பர வரி விதிக்கும் அதிகாரம் அரசியலமைப்பிலிருந்தே போனது. மிச்சம் இருப்பதில் பெரியது சொத்து வரி ஒன்றுதான். அதன் சாவியும் கோட்டையில் இருக்கிறது.

இருபத்து நான்கு ஆண்டு மௌனம்

2022 உயர்வு ஏன் அப்படி அதிர்ச்சியாக இருந்தது என்பதற்கு விடை 2022-ல் இல்லை.

சென்னையில் சொத்து வரி கடைசியாகப் பொது சீராய்வு கண்டது 1998-ல். மற்ற நகரங்களில் 2008-ல். இடையில் வந்த அரசுகள் எல்லாம் இந்தக் கோப்பைத் தொடவே இல்லை. வரி உயர்த்தினால் எதிர்க்கட்சி மறியல் செய்யும். உயர்த்தாமல் விட்டால் யாரும் மாலை போட மாட்டார்கள், ஆனால் மறியலும் இல்லை. குப்பை அள்ளும் செலவு, சம்பளம், தெருவிளக்கு மின்கட்டணம் எல்லாம் ஏற, வரி மட்டும் 1998-லேயே நின்றது.

2018 ஜூலையில் அரசு அந்தக் கோப்பைத் திறந்தது. உரிமையாளர் குடியிருக்கும் வீட்டுக்கு 50 சதவீதம் வரை, வணிகக் கட்டடங்களுக்கு 100 சதவீதம் வரை உயர்வு. அப்போது எந்த மாநகராட்சியிலும் நகராட்சியிலும் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றம் கிடையாது. 2016-ல் நடந்திருக்க வேண்டிய நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தல் 2022 பிப்ரவரி வரை நடக்கவில்லை. இடைப்பட்ட ஐந்தாண்டுக்கும் மேலான காலத்தில் மன்றத்தின் அதிகாரம் முழுவதும் தனி அலுவலர்களிடம், அதாவது அரசு நியமித்த அதிகாரிகளிடம் இருந்தது. ஒரு அரசு அதிகாரி அரசாணை அனுப்ப, இன்னொரு அரசு அதிகாரி அதை "மன்றத் தீர்மானமாக" ஏற்றுக்கொள்வார். உள்ளூர் வரி என்ற பெயருக்கு அப்போது எந்த அர்த்தமும் மிஞ்சியிருக்கவில்லை.

அப்புறம் நடந்தது இன்னும் சுவாரசியம். 2019 நவம்பரில் அதே அரசு அந்த உயர்வை நிறுத்திவைத்தது. மறுபரிசீலனைக்குக் குழு அமைக்கப்பட்டது. பழைய வரியையே கட்டினால் போதும், கூடுதலாகக் கட்டியிருந்தால் அடுத்த அரையாண்டுகளில் கழித்துக்கொள்ளப்படும் என்றார்கள். ஊரக உள்ளாட்சித் தேர்தலுக்கு அப்போது ஏறத்தாழ ஒரு மாதம்தான் இருந்தது. நகராட்சிகளின் இடத்திலிருந்து பாருங்கள்: ஓராண்டுக்கும் மேலாக வாங்கிச் செலவழித்த பணம் திடீரென்று திருப்பித் தர வேண்டிய கடனாக மாறிவிட்டது. உயர்த்தியபோதும் அவர்களைக் கேட்கவில்லை, இறக்கியபோதும் கேட்கவில்லை.

2022 பிப்ரவரி 19-ல் நகர்ப்புறத் தேர்தல் நடந்தது. புதிய மேயர்களும் கவுன்சிலர்களும் மார்ச்சில் பதவியேற்றார்கள். ஏப்ரல் தொடக்கத்திலேயே வரி சீராய்வு அறிவிப்பு வந்துவிட்டது. சென்னையின் பழைய பகுதிகள் தவிர மற்ற நகரங்களில் குடியிருப்புகளுக்கான உயர்வு இப்படி இருந்தது:

1. 600 சதுர அடி வரை: 25 சதவீதம்

2. 601 முதல் 1,200 வரை: 50 சதவீதம்

3. 1,201 முதல் 1,800 வரை: 75 சதவீதம்

4. 1,800-க்கு மேல்: 100 சதவீதம்

சென்னையின் பழைய மாநகராட்சிப் பகுதியில் இதே படிகள் முறையே 50, 75, 100, 150 சதவீதம். வணிகக் கட்டடங்களுக்கு அங்கே 150, மற்ற நகரங்களில் 100.

மன்றங்கள் மக்களிடம் ஆட்சேபணை கேட்டு அறிவிப்பு வெளியிட்டன, பிறகு தீர்மானம் நிறைவேற்றின. சென்னை மாமன்றம் மே மாதம் நிறைவேற்றியது. நடைமுறை முழுக்கச் சரி. ஆனால் படிகளும் சதவீதங்களும் மன்றம் கூடுவதற்கு முன்பே அரசாணையில் அச்சாகிவிட்டன. எதிர்த்து வாக்களித்த கவுன்சிலர்களும் இருந்தார்கள், வெளிநடப்பும் நடந்தது; எண்களில் மாற்றமில்லை.

இந்தப் படிகளில் ஒரு வடிவமைப்புக் கோளாறும் உண்டு. அரையாண்டுக்கு 2,000 ரூபாய் வரி கட்டிவந்த 1,200 சதுர அடி வீட்டுக்கு, சென்னைக்கு வெளியே, புதிய வரி 3,000. பக்கத்து வீடு 1,210 சதுர அடி என்றால் ஏறத்தாழ 3,500. பத்து சதுர அடிக்கு ஐந்நூறு ரூபாய். வருமான வரியில் மேல்படி விகிதம் மேல்படி வருமானத்துக்கு மட்டும்தான் பொருந்தும். இங்கே முழுத் தொகைக்கும் பொருந்துகிறது. இன்னொன்று: பழைய வரியின் மேல் சதவீதம் ஏற்றினார்களே தவிர, வாடகை மதிப்பைப் புதிதாக அளக்கவில்லை. 1998-ல் மலிவாக இருந்து இன்று தங்கமாக மாறிய தெரு, தன் பழைய மலிவைப் புதிய வரிக்கும் தூக்கிக்கொண்டு வந்துவிட்டது.

டெல்லியின் பங்கு என்ன?

"மத்திய அரசு சொன்னதால்தான்" என்ற வாதத்தை முழுதாகத் தள்ளிவிட முடியாது. இரண்டு சம்பவங்கள் இருக்கின்றன.

1. கொரோனா காலத்தில், 2020-21-ல், மாநிலங்களின் கடன் வரம்பு கூட்டப்பட்டது. அதில் ஒரு பகுதி நான்கு சீர்திருத்தங்களோடு கட்டப்பட்டிருந்தது. ஒவ்வொன்றுக்கும் மாநில உற்பத்தி மதிப்பில் 0.25 சதவீதம். நான்கில் ஒன்று, சொத்து வரிக்கு நிலத்தின் வழிகாட்டி மதிப்போடு பொருந்தும் கீழ் வரம்பை அறிவிப்பது. ஆந்திரா அந்த ஆண்டு சட்டத்தைத் திருத்தியதன் பின்னணி இதுதான்.

2. மத்திய அரசின் வரி வருவாயை மாநிலங்களுக்குப் பகிரப் பரிந்துரைப்பது நிதிக்குழு. 2021 முதல் 2026 வரையிலான 15-வது நிதிக்குழு, நகர்ப்புற உள்ளாட்சி மானியத்துக்கு நுழைவுச் சீட்டு போல நிபந்தனை வைத்தது. 2021-22-க்குப் பிறகு மானியம் வேண்டுமென்றால் மாநிலம் சொத்து வரிக்குக் கீழ் வரம்பை அறிவித்திருக்க வேண்டும். வசூலும் ஆண்டுதோறும் மாநிலப் பொருளாதார வளர்ச்சிக்கு ஈடாகக் கூட வேண்டும். வளர்ச்சி என்பது இங்கே முந்தைய ஐந்தாண்டுகளின் சராசரி. தேர்தல் நடந்து அமைந்த மன்றம் இருக்க வேண்டும் என்பதும் நிபந்தனை. 2022-ன் தொடக்கத்தில் தேர்தலும் வரி உயர்வும் அடுத்தடுத்து வந்தது தற்செயல் இல்லை.

ஆனால் கவனிக்க வேண்டியது ஒன்று. நிதிக்குழு கேட்டது கீழ் வரம்பும் வசூல் வளர்ச்சியும் மட்டுமே. 600 சதுர அடிக்கு 25 சதவீதம், வணிகத்துக்கு 150 சதவீதம் என்ற எண்கள் டெல்லியிலிருந்து வரவில்லை, சென்னையில்தான் எழுதப்பட்டன. சிறிய வீடுகளுக்குக் குறைவாகவும் பெரிய வீடுகளுக்கு அதிகமாகவும் ஏற்றியது மாநில அரசின் தேர்வு. அதற்கான பாராட்டும் அதே முகவரிக்குப் போக வேண்டும், திட்டும் அதே முகவரிக்குப் போக வேண்டும்.

ஆண்டுக்கு 6 சதவீதம்: நல்லதா?

மாநில வளர்ச்சியோடு வசூல் வளர வேண்டும் என்ற நிபந்தனையின் குழந்தைதான் ஆண்டு உயர்வு. 2024 அக்டோபர் அரையாண்டிலிருந்து சென்னையில் 6 சதவீதம் கூடியது இந்த வழியில்தான்.

கணக்கு எளிது. ஆண்டுக்கு 6 சதவீதம் ஏறினால் வரி 12 ஆண்டில் இரட்டிப்பாகும், 24 ஆண்டில் நான்கு மடங்கைத் தாண்டும். இதை வைத்து ஒரு விளையாட்டு: 1998-ல் சென்னையில் 1,000 ரூபாய் வரி கட்டிய நடுத்தர வீடு, அன்றிலிருந்தே ஆண்டுக்கு 6 சதவீதம் என்று ஏறியிருந்தால் 2022-ல் ஏறத்தாழ 4,050 ரூபாய் கட்டியிருக்கும். உண்மையில் நடந்தது 75 சதவீத உயர்வு, 1,750 ரூபாய். 24 ஆண்டுகளுக்குப் பரப்பிப் பார்த்தால் அது ஆண்டுக்கு 2.4 சதவீதத்துக்கும் குறைவு. வலித்தது உயர்வின் அளவு என்பதைவிட, மொத்தமும் ஒரே நாளில் வந்ததுதான்.

அந்தக் கோணத்தில் சிறிய ஆண்டு உயர்வு, பெரிய திடீர் உயர்வைவிட மேல். குடும்பமும் திட்டமிடலாம், மாநகராட்சியும் திட்டமிடலாம். கேரளம் இதே வழியில் 2023 ஏப்ரலிலிருந்து ஆண்டுக்கு 5 சதவீதம் என்று வைத்தது. கூடவே 60 சதுர மீட்டருக்குள் இருக்கும் சிறிய வீடுகளுக்கு விலக்கும் கொடுத்தது.

சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. உயர்வு தானியங்கியாக மாறிவிட்டால், மன்றத்தில் ஆண்டுதோறும் போடும் தீர்மானம் வெறும் ரப்பர் ஸ்டாம்பு. "போன வருடம் கூடுதலாக வாங்கிய பணத்தில் என் வார்டில் என்ன செய்தீர்கள்?" என்று கேட்கும் இடம் அந்த விவாதம்தான். அது போய்விடும். ஒரு பெரிய உயர்வுக்கு மறியல் நடக்கும், பத்து சிறிய உயர்வுகளுக்கு நடக்காது. அரசுகளுக்கு இந்த ஏற்பாடு பிடிப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

ஒரே நகரம், இரண்டு வரி

2011-ல் சென்னை மாநகராட்சியின் பரப்பு 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426-ஆக விரிந்தது. அம்பத்தூர், ஆலந்தூர், திருவொற்றியூர், மாதவரம், வளசரவாக்கம் என்று பல நகராட்சிகளும் பேரூராட்சிகளும் ஊராட்சிகளும் உள்ளே வந்தன. எல்லையை மாற்றியதும் மாநில அரசுதான். ஆனால் இணைந்த பகுதிகள் தங்கள் பழைய வரிக் கணக்குகளோடு வந்தன. ஒரே மாநகராட்சி, ஒரே மேயர், எல்லைச் சாலையின் இந்தப் பக்கம் ஒரு வரி, அந்தப் பக்கம் ஒரு வரி. 2022-ல் இணைந்த பகுதிகளுக்கு மற்ற நகரங்களின் குறைந்த படிகளைக் கொடுத்ததற்கு இந்த வேறுபாடுதான் காரணம்.

இதில் ஒரு பாடம் மற்ற ஊர்களுக்கும் இருக்கிறது. ஊராட்சிகளைப் பக்கத்து மாநகராட்சியோடு சேர்க்கும் அறிவிப்பு வரும்போது கிராமங்களில் எதிர்ப்பு கிளம்புவதில், நூறு நாள் வேலை போய்விடும் என்ற பயத்துக்கு அடுத்தபடி வீட்டு வரி பயம்தான். ஊராட்சி வரி ஒரு சட்டம், மாநகராட்சி வரி வேறு சட்டம். கோட்டையில் போடும் ஒரு கையெழுத்தில், வீடு நகராமலே வரி நகர்ந்துவிடும்.

கூட்டுவது மட்டுமல்ல, தள்ளுபடியும்

மாநிலத்தின் செல்வாக்கு உயர்வில் மட்டும் தெரியும் என்றில்லை. 2022 ஜனவரியில், மும்பை மாநகராட்சித் தேர்தலை எதிர்பார்த்திருந்த நேரத்தில், மகாராஷ்டிர அரசு அந்நகரில் 500 சதுர அடி வரையிலான வீடுகளுக்குச் சொத்து வரியை முழுதாகத் தள்ளுபடி செய்தது. சிறு வீட்டுக்காரர்களுக்கு நிம்மதி, மறுக்க முடியாது. ஆனால் தள்ளுபடியை அறிவித்தது மாநில அமைச்சரவை, வருமானம் போனது மாநகராட்சிக்கு. மும்பை பணக்கார மாநகராட்சி, தாங்கிக்கொள்ளும். இதே அறிவிப்பை ஒரு மூன்றாம் நிலை நகராட்சிக்குச் செய்திருந்தால் துப்புரவுப் பணியாளரின் சம்பளத் தேதி தள்ளிப்போயிருக்கும்.

இந்திய அளவில் வசூல் எவ்வளவு பலவீனம் என்பதற்கு மத்திய அரசின் 2016-17 பொருளாதார ஆய்வறிக்கையில் ஒரு மதிப்பீடு இருந்தது. செயற்கைக்கோள் படங்களை வைத்துப் பார்த்ததில், பெங்களூரும் ஜெய்ப்பூரும் வசூலிக்கக்கூடிய சொத்து வரியில் 5 முதல் 20 சதவீதம் வரைதான் வசூலித்துக்கொண்டிருந்தன. விகிதத்தை உயர்த்துவதைப் பற்றி இவ்வளவு சண்டை நடக்கிறது. கணக்கிலேயே வராத கட்டடங்களைப் பற்றி அதில் பாதிச் சண்டைகூட நடப்பதில்லை.

அப்படியென்றால் மாநகராட்சி என்னதான் செய்கிறது?

அளக்கிறது, பதிவு செய்கிறது, வசூலிக்கிறது. உங்கள் வீட்டின் பரப்பு எவ்வளவு, குடியிருப்பா வணிகமா, எந்தத் தெரு வகை என்ற மூன்றும் மாநகராட்சி ஏட்டில் இருப்பவை. முதல் 30 நாளில் கட்டினால் 5 சதவீத ஊக்கத்தொகை, அதிகபட்சம் 5,000 ரூபாய். தாமதித்தால் மாதத்துக்கு 1 சதவீத வட்டி. இதுவும் மாநில விதிகளில் இருக்கிறது, செயல்படுத்துவது மட்டும் உள்ளூர் அலுவலகம்.

கையில் நோட்டீஸோடு நிற்பவருக்கு இதனால் ஒரு நடைமுறைப் பயன் உண்டு. எந்தத் தவறுக்கு எந்தக் கதவைத் தட்ட வேண்டும் என்று பிரித்துக்கொள்ளலாம்.

1. பரப்பு தவறு, மாடியில் இல்லாத அறைக்கு வரி, வீட்டைக் கடை என்று போட்டிருக்கிறார்கள், பெயர் மாற்றம் ஆகவில்லை: இவை மண்டல அலுவலகத்தின் வேலை. பில் கலெக்டர், உதவி வருவாய் அலுவலர், ஆணையர் என்று படிப்படியாகப் போகலாம். அங்கே தீரவில்லை என்றால் வரிவிதிப்பு மேல்முறையீட்டுக்கு வழி இருக்கிறது. எழுத்தில் கொடுங்கள், வாய்மொழியாகச் சொன்னது ஏட்டில் ஏறாது.

2. தெருவின் வகை தவறு என்று நினைத்தால், தெருவில் உள்ள எல்லோரும் சேர்ந்து கவுன்சிலர் வழியாக மன்றத்துக்குக் கொண்டுபோகலாம். மன்றத்துக்கு உண்மையிலேயே கொஞ்சம் அதிகாரம் மிஞ்சியிருக்கும் இடங்களில் இது ஒன்று.

3. 75 சதவீதம் ஏன், 6 சதவீதம் ஏன், 1,200 சதுர அடியில் ஏன் கோடு, யாருக்கு ஏன் விலக்கு: இவற்றை மண்டல அலுவலகக் கவுன்டரில் கேட்டுப் பயனில்லை. அங்கே இருப்பவரும் உங்களைப் போலவே அரசாணையின் நகலைத்தான் படித்துக்கொண்டிருக்கிறார். இந்தக் கேள்விகள் சட்டமன்ற உறுப்பினருக்கு உரியவை. நகராட்சி நிர்வாகத் துறையின் மானியக் கோரிக்கை, அதாவது அந்தத் துறைக்கான நிதி ஒதுக்கீடு, ஆண்டுதோறும் சட்டமன்றத்தில் விவாதத்துக்கு வருகிறது. உங்கள் தொகுதி உறுப்பினர் அன்றைக்குச் சொத்து வரியைப் பற்றி வாய் திறந்தாரா என்பது அவைக்குறிப்பில் இருக்கும்.